தாங்கலும் காமிராவும்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் எவ்வளவு தூக்கத்தில் இருந்தாலும், கொளவாய் ஏரி வரும்போது ஒரு முறை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது பார்ப்பதோடு நிற்பதில்லை. பத்துப் பேராவது கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ரயில் கடந்து போகும் அந்தச் சில விநாடிகளில் எத்தனையோ படங்கள் எடுக்கப்பட்டு, அன்று இரவுக்குள் மறக்கவும் படுகின்றன. நம் பக்கத்து ஏரிகளை யார் எப்போது படம் பிடிக்கத் தொடங்கினார்கள், அந்தப் படங்களால் என்ன பயன் என்று கொஞ்ச காலமாக யோசித்தும் படித்தும் வந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். நம் மாவட்டத்தில் சிறிய ஏரியைத் தாங்கல் என்று சொல்வது பழக்கம். வேடந்தாங்கல் என்பது வேடர்களின் தாங்கல். வேட்டைக்காரர்களின் பெயரைத் தாங்கிய ஏரி இன்று பறவைகளுக்கு அடைக்கலமாக இருப்பது வேடிக்கைதான். அதைவிட வேடிக்கை, அந்த அடைக்கலத்தை முதலில் கொடுத்தது எந்த அரசாங்கமும் அல்ல, அந்த ஊர் விவசாயிகள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உரம் காசு கொடுத்து வாங்கும் காலமா அது? பறவையைக் காப்பாற்றுவது நெல்லைக் காப்பாற்றுவதுதான். வெள்ளைக்கார சிப்பாய்கள் வந்து சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். அப்போது செங்கல்பட்டுச் சீமைக்குக் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற அதே கலெக்டர் துரைதான். இங்கே யாரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊராருக்கு உரிமை தரும் ஒரு கவுல் 1798 வாக்கில் அவர் காலத்தில் கொடுக்கப்பட்டது. 1858-ல் ஊரார் மறுபடியும் கேட்டு அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். அறுபது வருடம் கழித்தும் ஒரு காகிதத்தின் மதிப்பை மறக்காமல் இருந்த அந்தப் பெரியவர்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அதே 1858-ன் தொடக்கத்தில் மதுரைப் பக்கம் ஒருவர் பெரிய மரப்பெட்டிக் காமிராவோடு சுற்றிக்கொண்டிருந்தார். பெயர் லின்னேயஸ் டிரைப். கம்பெனிப் படையில் அதிகாரி. சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று போய்வந்தவர். கோயில்களைப் படம் பிடிப்பதுதான் அவருடைய முக்கிய வேலை. ஆனாலும் வைகையாற்றையும் அதன் குறுக்கே போகும் பாதையையும், தெப்பக்குளத்தையும் எடுத்திருக்கிறார். தமிழ்நாட்டு நீர்நிலைகளின் மிகப் பழைய படங்களில் அவை சேரும்.

அந்தப் படங்களைப் பார்த்தால் ஒன்று கவனத்துக்கு வரும். தண்ணீரில் அலையே இருக்காது, கண்ணாடி மாதிரி கிடக்கும். வைகை அப்படி அசையாமல் நின்றது என்று பொருள் அல்ல. மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் நெடுநேரம் வெளிச்சம் விழ வேண்டும், அதற்குள் அலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து மழுங்கிவிடும். காற்றில் ஆடும் இலைகளும் அப்படியே. அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளிக்கு அதிகமாக மசிந்ததால் வானம் வெறும் வெள்ளையாக விழும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேலேயே வண்ணம் தடவி மேகங்களை வரைந்தார், இலைகளையும் திருத்தினார். கணினியில் வானத்தை மாற்றி ஒட்டுகிறார்கள் என்று இன்று குறைப்படுகிற நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1860-ல் கவர்னர் டிரெவெல்யன் இதெல்லாம் வீண் செலவு என்று அந்த வேலையையே மூடிவிட்டார். சிக்கன நடவடிக்கையில் முதலில் அடிபடுவது எது என்பது அலுவலகத்தில் காலம் தள்ளிய நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

டிரைப்பின் காமிராவுக்கு ஒரு பறவையும் அகப்பட்டிருக்காது. மரத்தில் உட்கார்ந்த நாரைகூடக் கழுத்தை ஒரு முறை திருப்பினால் போதும், படத்திலிருந்து மறைந்துவிடும். ஏரியும் பறவையும் சேர்ந்து ஒரு படத்தில் வருவதற்கு வேகமான பிலிமும் தூரத்தை இழுக்கும் லென்ஸும் வர வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் அதைச் சாதித்தவர்களில் நான் முதலில் வைப்பது மா. கிருஷ்ணனை.

பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்து மயிலாப்பூரில் வாழ்ந்து 1996-ல் மறைந்தார். தாவரவியல் படித்தவர். சந்தூர் சமஸ்தானத்தில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, பிறகு எழுத்தையும் படத்தையும் நம்பியே பிழைத்தார். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய அவருடைய பத்தி அவர் இறக்கும் வரை, நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல், வந்துகொண்டிருந்தது. தமிழிலும் எழுதினார். ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தியடோர் பாஸ்கரன் தொகுத்த புத்தகம் கிடைத்தால் படித்துப் பாருங்கள். காக்கை, அணில், ஓணான் என்று நாம் வாசலில் பார்ப்பவற்றையே எழுதி உட்கார வைத்துவிடுவார்.

கடைசி வரை கறுப்பு வெள்ளைதான். கலர் பிலிமை அவர் நாடவில்லை. காமிராவும் கடையில் வாங்கியது அல்ல. வெவ்வேறு காமிராக்களின் பாகங்களை ஒட்டுப்போட்டு அவரே உருவாக்கிய ஒரு பாரமான சாமான். அதற்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று கேலியாகப் பெயரும் வைத்திருந்தார். பிலிமைக் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் வீட்டு இருட்டறையில் அவர் கையால்தான். வேடந்தாங்கலுக்குப் பல முறை போய்ப் படம் பிடித்தார், எழுதினார். 1970-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் மறைந்து பத்து வருடம் கழித்து, 2006-ல், அவருடைய படங்கள் பெரிய புத்தகமாக வந்தன. நிறம் இல்லாததால் குறை ஒன்றும் தெரியவில்லை. நாரையின் சிறகில் எந்த இறகு எந்த இறகின் மேல் படிகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. இன்றைய பளபளப்பான படங்கள் பலவற்றில் எனக்கு அது தெரிவதில்லை. இது என் அபிப்பிராயம், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

தாம்பரத்துக்காரர்கள் இன்னொருவரையும் மறக்கக் கூடாது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்த பிறகு அந்தக் காட்டுக்குள் இயற்கையைக் கவனிக்கும் ஒரு வழக்கமே வளர்ந்தது. அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோன்மணி கோலத்தை ஆராய்ந்தார், பழைய கல்வெட்டு எழுத்தை ஆராய்ந்தார், தாம்பரம் சுற்றுவட்டாரப் பறவைகளையும் விடாமல் குறித்து வைத்தார். எண்ணி எழுதி வைப்பதும் ஒரு வகைப் படம்தானே.

என் வயதை ஒத்தவர்களுக்கு அக்ஃபா க்ளிக் த்ரீ காமிரா நினைவிருக்கும். ஒரு ரோலில் பன்னிரண்டு படம். பன்னிரண்டும் தீரும் வரை வெளியே எடுக்க முடியாது. பொங்கலுக்குப் போட்ட பிலிம் சித்திரை வரை உள்ளேயே கிடந்த வீடுகள் உண்டு. பிலிமோ நம் ஊட்டியில் செய்த ‘இந்து’. 1960-ல் தொடங்கப்பட்ட அந்த மத்திய அரசுத் தொழிற்சாலையில் 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. டிஜிட்டல் வந்ததும் அதன் கதை முடிந்தது. பன்னிரண்டே படம் என்பதால் அதில் ஒன்றை ஏரிக்குக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. மனுஷர்களைத்தான் எடுப்போம். ஏரி அவர்களுக்குப் பின்னால் தானாக வந்து நிற்கும். இதைப் பின்னால் சொல்கிறேன்.

புகைப்படக் கலை பற்றிய ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டினால் நான்கு பருவம் என்பார்கள். இலை சிவப்பாகும், உதிரும், பனி மூடும், பூ பூக்கும். நமக்கு இது எதுவும் பொருந்தாது. நம் முன்னோர்கள் வகுத்தது ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் பக்கத்து ஏரி ஒன்றின் கரையில் ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு படம் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒரு பனைமரம் எப்போதும் படத்தின் இடது ஓரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஆறு பருவக் கணக்கின் அருமை புரிந்தது. ஆவணி, புரட்டாசி கார்காலம் என்றாலும் நம் பக்கத்தில் அப்போது சாயங்கால இடிமழையோடு சரி. மேகம் பிரமாதமாக இருக்கும், ஏரியில் தண்ணீர் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை வந்து ஏரியை நிரப்புகிறது. அப்போது தண்ணீர் செம்மண் நிறம், வானம் ஈயம் பூசிய பாத்திரம். மார்கழியில் வண்டல் படிந்து தண்ணீர் தெளியும். காலை ஏழு மணி வரை பனிமூட்டம் கலையாது. தை மாதம்தான் படக்காரர்களின் மாதம்: தண்ணீரும் உண்டு, சாய்ந்த வெயிலும் உண்டு, பறவையும் உண்டு. பங்குனிக்கு மேல் ஓரத்தில் சேறு வெளுத்து வெடிக்கத் தொடங்கும். ஆனி, ஆடியில் உள்வாயில் மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

வேடந்தாங்கலிலும் இதே தாளம்தான். ஏரி நிரம்பி, நீரில் நிற்கும் கடம்ப மரங்களின் கால் நனைந்த பிறகுதான் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் நத்தைக்குத்தியும் கூடு கட்ட வருகின்றன. கார்த்திகையிலிருந்து பங்குனி வரை கூட்டம். மழை பொய்த்த வருடம் அவையும் வருவதில்லை, அல்லது குறைவாக வருகின்றன. காலண்டரைப் பார்த்து வருவதில்லை, தண்ணீரைப் பார்த்து வருகின்றன. கூடு கட்டும் காலத்தில் நல்ல படத்துக்காக மிக நெருங்கிப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. தாய்ப்பறவை எழுந்து போன பத்து நிமிடத்தில் வெயிலோ காக்கையோ குஞ்சை முடித்துவிடும்.

என் வரிசையில் மறக்க முடியாத இரண்டு படங்கள். ஒன்று 2015 டிசம்பர். அந்த மாதம் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. இரண்டு நாள் கழித்துக் கரைக்குப் போனபோது கலங்கல் மேல் தண்ணீர் இரைந்துகொண்டு போயிற்று. படத்தில் பனைமரத்தின் அடி தெரியவில்லை. இன்னொன்று 2019 ஜூன். செம்பரம்பாக்கமே வறண்டு, விண்கோள் எடுத்த படம் உலகப் பத்திரிகைகளில் வந்த கோடை. அதே பனைமரம், சுற்றிலும் வெடித்த மண். இரண்டுக்கும் இடையில் நாலு வருடம்கூட ஆகவில்லை.

இந்த இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்தால் வேறொன்று தெரிகிறது. ஏரியின் உண்மையான எல்லை எதுவென்று 2015 காட்டுகிறது. அந்த எல்லைக்குள் எவ்வளவு தூரம் கட்டடம் வந்துவிட்டது என்று 2019 காட்டுகிறது. வறண்ட காலத்தில் வீட்டு மனை விளம்பரத்தோடு நிலத்தைப் பார்க்கப் போகிறவருக்கு அது சமதரையாகத்தான் தெரியும். தண்ணீர் வந்து சொல்லும் வரை அது ஏரி என்று யாரும் சொல்லப்போவதில்லை. சொல்லக்கூடிய கிழவர்களும் குறைந்துகொண்டே வருகிறோம்.

எல்லை என்பது ஒன்றும் அற்ப விஷயம் அல்ல. வேடந்தாங்கலில் ஏரி மட்டும் என்றால் சுமார் 30 ஹெக்டேர்தான். 1998-ல் அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவித்தார்கள். பறவை கூட்டில் தூங்கினாலும், இரை தேடுவது சுற்றியுள்ள வயலிலும் ஏரிகளிலும்தானே. 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது பெரிய எதிர்ப்பு வந்தது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. நம் மறைமலை நகர், கூடுவாஞ்சேரிப் பக்கத்து ஏரிகளுக்கு அப்படி எந்தப் பட்டியலும் கிடையாது, எந்தக் கலெக்டரின் கவுலும் கிடையாது.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களை எடுங்கள். மனுஷர்களை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். காதுகுத்து, பள்ளிச் சுற்றுலா, புது ஸ்கூட்டர் என்று எடுத்த படங்களில் எங்காவது ஒரு கரை, ஒரு மதகு, தண்ணீர்ப் பரப்பு இருக்கும். பின்பக்கம் பென்சிலால் இடம், மாதம், வருடம் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். முடிந்தால் நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. மறைமலை நகர் இன்னும் மனையும் கல்லுமாக இருந்த எண்பதுகளின் நடுவில் எடுத்தது. என் மைத்துனர் கறுப்புக் கண்ணாடி போட்டு ஏரிக்கரையில் நிற்கிறார். அவருடைய முழங்கை உயரத்தில் எதிர்க்கரை ஓடுகிறது. அதன் ஓரத்தில் ஏழு பனைமரங்கள், தண்ணீரில் ஏழின் நிழல். போன தை மாதம் அதே இடத்தில் நின்று எடுத்த படத்தில் பனை இரண்டு இருக்கிறது. மீதி ஐந்து இருந்த இடத்தில் ஒரு மதில்சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு நத்தைக்குத்தி நாரை நிற்கிறது.