பிரிகேட் சாலையிலிருந்து பள்ளி வாசல் வரை: சிறார் உடற்பருமனும் பொறுப்பு பற்றிய வாதமும்

முன்னுரை

பிள்ளையின் எடை கூடிவிட்டால் ஊர் முதலில் பெற்றோரைத்தான் கேட்கும். எடையைக் கூட்டிய தின்பண்டத்தைப் பிள்ளையின் ஆசையில் கொண்டுபோய் வைத்தவரைக் கேட்பது அரிது. 5 முதல் 19 வயது வரையிலான இந்தியச் சிறாரில் சுமார் 1.25 கோடிப் பேர் 2022இல் உடற்பருமனுடன் இருந்ததாக 'லான்செட்' இதழின் உலகளாவிய ஆய்வு மதிப்பிடுகிறது. இத்தனை வீடுகளும் ஒரே காலத்தில் பொறுப்பிழந்தன என்று சொல்வது பொருந்தாது. இந்தியாவில் கேள்வி வீட்டிலிருந்து விற்பவரிடம் நகர்ந்த வரலாற்றைப் பெங்களூருவில் தொடங்கி இக்கட்டுரை ஆராய்கிறது.

1995: அளக்கப்பட்ட உப்பு

அமெரிக்கக் கோழி உணவு நிறுவனமான கே.எஃப்.சி. தன் முதல் இந்தியக் கடையை 1995 ஜூனில் பெங்களூரு பிரிகேட் சாலையில் திறந்தது. எம்.டி. நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம் என்ற விவசாயிகள் அமைப்பு அதை எதிர்த்தது. அஜினோமோட்டோ என்ற சுவையூட்டும் உப்பு அளவு மீறிவிட்டது என்று செப்டம்பரில் மாநகராட்சி கடையை மூட வைத்தது. நீதிமன்றம் தலையிட, கடை மீண்டும் திறந்தது. 1996 ஜனவரி 30 அன்று விவசாயிகள் உள்ளே புகுந்து அடித்து நொறுக்கினர். அந்நிய மூலதனம், உழவர் வாழ்வு, உடல்நலம் எல்லாம் அன்று பேசப்பட்டன. ஆனால் அதிகாரிகள் கையில் இருந்த கருவி, கோழியில் கலந்த ஒரு பொருளை அளப்பது மட்டுமே. குழந்தையை நோக்கி நீளும் விளம்பரத்தை அளக்க அன்றைய சட்டத்தில் கோல் இல்லை.

2002–2022: பள்ளியைச் சுற்றி ஒரு கோடு

அமெரிக்காவில் உடற்பருமனுக்குப் பொறுப்பேற்கக் கோரி 2002இல் பதின்வயதினர் சார்பில் மெக்டொனால்ட்ஸ் மீது தொடுக்கப்பட்ட வழக்கு மறு ஆண்டே தள்ளுபடியானது. 2004இல் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபை, இத்தகைய வழக்குகளைத் தடுக்கும் மசோதாவுக்குத் 'தனிமனிதப் பொறுப்பு' என்றே பெயரிட்டு நிறைவேற்றியது. செனட்டில் அது நிறைவேறவில்லை.

இந்தியா வேறு வழியில் போனது. 2010இல் உலக சுகாதார சபை, சிறாரை நோக்கிய உணவு விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் பரிந்துரைகளை ஏற்றது. அதே ஆண்டு உதய் அறக்கட்டளை பள்ளிகளில் நொறுக்குத்தீனி விற்பனைக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. அதன் தொடர்ச்சியாக, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரப்படுத்தவோ தடை விதித்தன. 2022இன் விளம்பர வழிகாட்டி நெறிகள் சிறார் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் சிப்ஸ், குளிர்பான விளம்பரங்களைத் தடுத்தன.

2023: முப்பத்தேழு கிராம்

சிறாருக்கான பானப்பொடியான போர்ன்விட்டாவின் சர்க்கரை பற்றிச் சமூக ஊடகப் பதிவர் ரேவந்த் ஹிமத்சிங்கா 2023 ஏப்ரலில் வெளியிட்ட காணொளி, அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் சட்ட அறிவிப்புக்குப் பின் நீக்கப்பட்டது. ஆனாலும் விவாதம் அடங்கவில்லை. 100 கிராமில் 37.4 கிராமாக இருந்த சேர்க்கப்பட்ட சர்க்கரையை நிறுவனம் பின்னர் 32.2 கிராமாகக் குறைத்தது. 2024 ஏப்ரலில் அத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலிலிருந்து நீக்குமாறு இணைய வணிகத் தளங்களை மத்திய அரசு அறிவுறுத்தியது. கண்டிப்பான ஒரு தாய் தன் வீட்டு டம்ளரில் ஒரு கரண்டியைக் குறைக்கலாம். தயாரிப்பில் குறைந்த ஐந்து கிராமோ அதை வாங்கும் எல்லா வீடுகளிலும் குறைந்தது.

முடிவுரை

50 மீட்டரை ஒரு பிள்ளை ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடும். அதற்கு அப்பால் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. கைபேசி விளம்பரத்துக்கோ அந்த ஐம்பது மீட்டரும் இல்லை. சிலி 2016 முதல் பொட்டலத்தின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இங்கே 2022இல் முன்மொழியப்பட்டது நட்சத்திரக் குறியீடு; எச்சரிக்கைக்குப் பதில் நற்சான்று. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே முகப்புக் குறியீடு பற்றி முடிவெடுக்க மூன்று மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது.

பெற்றோருக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் பொட்டலத்தில் இருப்பதை மறைத்துவிட்டு, பிள்ளையிடம் நேராகப் பேசி ஆசையூட்டிவிட்டு, விளைவை மட்டும் வீட்டின் தலையில் கட்டுவது நியாயமல்ல. முகப்பில் எச்சரிக்கையும் கைபேசி வரை எட்டும் விளம்பரத் தடையும் வந்த பிறகே, பெற்றோரிடம் கணக்குக் கேட்க நமக்கு உரிமை பிறக்கும்.