குளிர்ப்பெட்டியின் வரலாறும் வீட்டார் பார்க்கும் பழுதும்



பாரிட் புந்தாரைச் சுற்றியுள்ள கிரியான் சமவெளி, வெப்பமும் ஈரமும் கலந்த நிலம். கோலா குராவ் கரையிலிருந்து காலையில் வரும் மீன், பொழுது சாயும் முன்பே கெட்டுவிடும். மதியம் வைத்த குழம்பு இரவுக்குத் தாங்காது. ஆகவேதான் ஒரு வீட்டில் குளிர்ப்பெட்டி நின்றுவிட்டால் இல்லத்தரசிக்குக் கவலை பிறக்கிறது. பழுதுபார்ப்பவரை உடனே அழைக்க வேண்டுமா? நாமே பார்த்துக்கொள்ளக்கூடியது ஏதேனும் உண்டா? இந்தக் கேள்விக்குரிய விடை குளிர்ப்பெட்டியின் வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

இயந்திரம் வருவதற்கு முன்பு, குளிர்ச்சி நம் நாடுகளுக்குக் கப்பலில் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டிகளை அறுத்தெடுத்து விற்றவர். 1833ஆம் ஆண்டில் ‘டஸ்கனி’ என்னும் கப்பலில் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டி கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணத்துக்குப் பின்னும் சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டப்பட்ட ‘ஐஸ் ஹவுஸ்’ இந்த வணிகத்துக்காக எழுந்ததே. இன்று அது விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படுகிறது. சிங்கப்பூரிலும் 1854இல், வாம்போவா என்று பெயர்பெற்ற சீன வணிகர் ஹூ ஆ கே, பனிக்கட்டிக் கிடங்கு ஒன்றை ஏற்படுத்தினார்.

நான்கு மாதம் கடலில் மிதந்த பனிக்கட்டியைக் காத்தது எது? கட்டிகளை நெருக்கமாக அடுக்கி, மரத்தூளைச் சுற்றிலும் திணித்தார்கள். வெளிச்சூடு உள்ளே நுழைய வழியில்லாமல் போயிற்று. நம் வீட்டுப் பெட்டிக்கும் இதுவே முதல் விதி. கதவின் ஓரத்தில் ஓடும் மெத்தென்ற விளிம்பை நாம் ‘ரப்பர்’ என்கிறோம். அது தளர்ந்தால் சூடு உள்ளே புகும். இயந்திரம் ஓய்வின்றி ஓடும். ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் அந்த இடத்தில் கதவு சரியாகப் பொருந்தவில்லை. அழுக்கானால் இளஞ்சூடான சோப்பு நீரால் துடைக்கலாம். கிழிந்திருந்தால் அந்த மாடலுக்குரிய புதிய விளிம்பை வாங்கி மாற்றலாம்.

அடுத்து, இயந்திரம் எவ்வாறு வந்தது என்று பார்ப்போம். வியர்வை காயும்போது உடல் குளிர்வதையும், மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதையும் நாம் அறிவோம். திரவம் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள சூட்டை எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியை மீண்டும் அமுக்கித் திரவமாக்கினால் சுழற்சி தொடரும் அல்லவா? இந்த முறைக்கு 1834இல் ஜேக்கப் பெர்கின்ஸ் காப்புரிமை பெற்றார். 1850களில் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் ஜேம்ஸ் ஹாரிசன் இதைக்கொண்டு பனிக்கட்டி செய்யும் இயந்திரத்தை அமைத்தார். உள்ளிருந்து எடுத்த சூட்டைப் பெட்டியின் பின்புறக் குழாய்கள் வெளியே விடுகின்றன. அவற்றில் தூசி படிந்தாலோ, பெட்டி சுவரோடு ஒட்டி நின்றாலோ சூடு வெளியேறாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மென்மையான தூரிகையால் துடைப்பது வீட்டார் செய்யக்கூடிய வேலை.

இனி, நாம் கை வைக்கக் கூடாத பகுதிக்கு வருவோம். 1920களில் வீடுகளுக்குள் நுழைந்த பெட்டிகளில் சல்ஃபர் டையாக்சைடு, மெதில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் ஓடின. கசிவினால் மக்கள் மாண்டதும் உண்டு. அத்தகைய செய்தி ஒன்றே விஞ்ஞானி ஐன்ஸ்டீனைத் தூண்டியது என்பர். அவரும் லியோ சிலார்டும் 1926 முதல், அசையும் உறுப்பில்லாத குளிர்ப்பெட்டிகளை வடிவமைத்துக் காப்புரிமைகள் பெற்றனர். 1927இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வெளியிட்ட ‘மானிட்டர் டாப்’ பெட்டியில், கம்ப்ரசரும் அதன் மோட்டாரும் ஒரே எஃகுக் கூட்டில் அடைத்து மூடப்பட்டிருந்தன. அதனால் கசிவு குறைந்தது. அந்தப் பகுதி வீட்டாரின் கைக்கும் எட்டாததாயிற்று.

பிறகு நச்சில்லாத ஃபிரியான் வாயு வந்தது. ஆயினும் 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள், அந்த வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எச்சரித்தனர். 1987இல் மாண்ட்ரியால் ஒப்பந்தம் கையெழுத்தானது. மலேசியா 1989இல் அதில் சேர்ந்தது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் இருக்கிறது. ஓசோனுக்கு அதனால் கேடில்லை. ஆனால் அது தீப்பற்றக்கூடியது. எனவே குழாயை வெட்டுவதும் வாயு நிரப்புவதும் பயிற்சி பெற்றவரின் வேலை. ஒன்றை நினைவில் வையுங்கள்: மூடிய குழாயில் வாயு தானாகத் தீர்ந்துபோகாது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் ‘கேஸ்’ மட்டும் நிரப்பினால் பணம் வீணாகும்.

நம் பேராக் மாநிலத்தில் குளிர்ப்பெட்டி பரவியது மின்சாரத்தோடு சேர்ந்த கதை. 1930இல் இயங்கத் தொடங்கிய செண்டரோ அணையின் மின்சாரம் முதன்மையாகக் கிந்தா ஈயச் சுரங்கங்களுக்குச் சென்றது. மத்திய மின்சார வாரியம் 1949இல் அமைந்தது. 1965இல் தேசிய மின்சார வாரியம் என்றும், 1990இல் தெனாகா நேஷனல் என்றும் ஆயிற்று. மின்கம்பி எட்டாத இடங்களுக்கு மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டி இருந்தது. அதன் அடிப்படை 1922இல் சுவீடன் மாணவர்களான ஃபான் பிளாட்டனும் முண்டர்ஸும் கண்டது. அத்தகைய பெட்டி துரைமார் பங்களாவுக்குக் கட்டுப்படியாகும். லயத்து வீட்டுக்கு எங்ஙனம் ஆகும்? மாதத் தவணை கட்டி வாங்கிய பெட்டியை நெடுநாள் காப்பது தொழிலாளர் குடும்பத்துக்குச் சிறு காரியமன்று.

ஆகவே, பெட்டி நின்றால் வரிசையாகப் பாருங்கள். பிளக்கில் மின்சாரம் வருகிறதா? பிளக்கிலுள்ள ஃபியூஸ் எரிந்ததா? குளிர் அளவுக் குமிழ் நகர்ந்துவிட்டதா? உறைபனி தடித்திருந்தால் பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து, வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வையுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள், ஒரு கீறல் குழாயைத் துளைத்துப் பெட்டியையே பயனற்றதாக்கும். அணைத்த பெட்டியை ஐந்து நிமிடமாவது பொறுத்து இயக்குங்கள். குழாயின் அழுத்தம் சமப்பட நேரம் வேண்டும். கருகிய வாடை வந்தாலோ, தொட்டால் மின்சாரம் தாக்கினாலோ பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு ஆளை அழையுங்கள்.

இறுதியாக, எறியப்படும் பெட்டியைப் பற்றி ஒரு சொல். வெளிப்புறத் தாழ்ப்பாள் கொண்ட பழைய பெட்டிகளில் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுத் திணறி மாண்டனர். அதனால் அமெரிக்கா 1956இல், உள்ளிருந்தும் திறக்கும் கதவு வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. காந்தப் பட்டையுள்ள கதவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் பெட்டி உழைத்து முடிந்தால், வெளியே வைக்குமுன் கதவைக் கழற்றிவிடுங்கள். அதற்கு ஒரு திருப்புளி போதும்; அந்த வேலையை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.