பொன்தேரும் முட்டுக்கட்டையும்

வேம்பாறு முதல் மணப்பாடு வரை கடலோரமாக வரிசையிட்டுக் கிடக்கும் ஏழு பரதவர் பட்டினங்களுக்குத் தலைமைப் பதியாய், முத்துச் சலாபத்தின் கேந்திரமாய் விளங்கிய தூத்துக்குடியில், பனிமய மாதாவின் பொன்தேர் முதன்முறையாக வடம் பிடிக்கப்பெற்றது 1806ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள். மாதாவின் திருச்சொரூபம் மணிலாவிலிருந்து 1555இல் கப்பலேறி வந்தது. இன்றுள்ள ஆலயம் 1713இல் எழுந்தது. தேரைச் செய்வித்தவர் பரதவரின் ஜாதித்தலைவராயிருந்த தொன் கபிரியேல் தெக்குரூஸ் வாஸ் கோமஸ். ஆனால் அந்த நீண்ட நாமம் ஏட்டோடு நின்றுவிட, மக்கள் நாவில் நிலைத்தது தேர்மாறன் என்ற பெயரே.

1801இல் ஆங்கிலக் கும்பெனியாரை எதிர்த்து ஊமைத்துரை நடத்திய போருக்கு அவர் துணை நின்றார் என்று பரதவர் இன்றும் பெருமையோடு சொல்வர். ஊமைத்துரையின் கோட்டையான பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்து, கும்பெனியாரின் அதிகாரம் கடற்கரை எங்கும் ஸ்திரப்பட்டு, முத்துக்குளிப்பின் லாபமும் அவர்கள் கைக்கே போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு குலத்தலைவர் இப்படியொரு பெருந்தேரை வீதியில் நிறுத்தினார் என்றால், அதில் பக்தியோடு தலைமையின் பிரகடனமும் கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன்.

தேர் என்பது, யோசித்துப் பார்த்தால், சாயாமல் போவதே ஆச்சரியமான வாகனம். உயரம் மிகுதி, சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலமோ வீதிக்கு அடங்கினதாக இருந்தாக வேண்டும். பாரத்தின் மையம் சக்கரங்களின் எல்லைக்கு வெளியே ஒரு கணம் விலகினாலும் கவிழ்வது நிச்சயம். தமிழ்நாட்டுத் தச்சர் இதற்குக் கண்ட உபாயம் எளிது. கெட்டியான மரத்தில் பல அடுக்காகச் செதுக்கிய சிற்பங்களைத் தாங்கும் கனத்த அடிப்பாகத்தில் பாரத்தையெல்லாம் இறக்கிவிட்டு, கண்ணைப் பறிக்கும் மேற்பாகத்தை மூங்கிலும் சீலையுமாக இலேசாக்கிவிட்டார்கள். கோயில் தேர்களில் காணும் இந்த முறை முத்துக்குளித்துறையாருக்கு விநோதமாய்த் தோன்றியிராது. ஏனெனில் கொழும்புக்குப் பாய்விரித்த தோணியில், உப்பைப் போன்ற கனத்த சரக்கை அடியிலும் பஞ்சைப் போன்ற இலேசான சரக்கை மேலேயும் ஏற்றவேண்டும் என்பது தோணியை நடத்தும் அவர்களுடைய தண்டல் ஒவ்வொருவனும் அறிந்த பாலபாடம்.

நிற்பது ஒரு வித்தை என்றால், திரும்புவது வேறொரு வித்தை. தேரின் அச்சு அசையாத அச்சு. வண்டியைப்போல் முன்சக்கரத்தை ஒடித்துத் திருப்ப வழியில்லை. ஆகவே வடம் பிடிக்கும் ஆயிரம் பேரின் வலிமைக்குத் திசை காட்டுவது, சக்கரத்தோடு ஒட்டி நடக்கும் சிலரின் கையிலுள்ள முட்டுக்கட்டையே. ஆப்பு வடிவான அந்தக் கட்டையை உருளும் சக்கரத்தின் முன்னே சாய்வாகச் செருகினால் சக்கரம் அதன்மீது ஏறி வழுக்கித் தேரின் முகம் அணுவணுவாய் மறுபுறம் ஒதுங்கும். முழுமையாய்க் கொடுத்தால் தேர் நின்றுவிடும். அசைய மறுக்கும்போது பின்னிருந்து தடி போட்டு நெம்புவர். கட்டையை எந்தக் கணத்தில் கொடுப்பது, எந்தக் கணத்தில் கையை உருவிக்கொள்வது என்பது ஓசையாலும் அதிர்வாலும் அறிவது. தவறினால் போவது விரல் மட்டும் அன்று. கடலோர மணற்பூமியில் சக்கரம் ஒருபுறம் அமிழ்ந்துவிட்டால் அவர்கள் பொறுப்பு இரட்டிப்பாகும்.

பூரி ஜகந்நாதரின் ரதத்துக்குப் பதினாறு சக்கரங்கள்; பாரத்தைப் பகிர்ந்துகொள்ள அது ஒரு வழி. தமிழ்நாட்டில் அந்த வழி வேரூன்றவில்லை. இங்கே மாறுதல் வந்தது இரும்பின் வடிவில். 1926இல் தீக்கிரையாகிப் பின் புதிதாகச் செய்யப்பெற்ற திருவாரூர் ஆழித்தேர், 96 அடி உயரமும் ஏறக்குறைய 300 டன் எடையும் உடையது என்பர். அதற்குத் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தனர். பிறகு வேறு பல ஊர்த் தேர்களும் அவ்வாறே இரும்புக்கால் பெற்றன. மரச்சக்கரம் பிளந்து தேர் நடுவீதியில் நாட்கணக்கில் நின்ற கஷ்டம் இதனால் பெரிதும் தீர்ந்தது. சரிவில் தேர் ஓடிவிடுமோ என்ற அச்சமும் குறைந்தது. ஆயினும் பிரேக்கு தேரை நிறுத்துமேயன்றித் திருப்பாது. வீதி முனையில் இன்றைக்கும் குனிந்து நிற்பவர் கட்டை போடுகிறவரே.

பனிமய மாதாவின் திருவிழா ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5ஆம் தேதி நிறைவுறுகிறது. பொன்தேரோ விசேஷ ஆண்டுகளில் மட்டுமே புறப்படும். 2013இலும் 2023இலும் அது வீதிவலம் வந்தது. இவ்வளவு நீண்ட இடைவெளியில் வடமும் மரமும் பழுதானால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்; கைப்பழக்கத்தை அப்படி வாங்க இயலாது. உபயம் செய்தவர் பெயரைக் கல்லில் வெட்டும் தேவஸ்தானங்களும் மாதா கோயில் பங்குகளும், கட்டை போடும் குடும்பங்களின் பெயரையும், அவர்கள் வாய்மொழியாகக் காத்துவரும் நுட்பத்தையும், அடுத்த தேரோட்டத்துக்கு முன்பாவது எழுதி வைக்கவேண்டும்.