நூலுக்கு முந்திய கதை: நியூயோர்க் நூலகச் சிறுவர் கதைநேரமும் புரா பெல்ப்ரேயும்

நூலகம் வாசிக்கத் தெரிந்தோருக்கே உரியது என்னும் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாடுகளிலும் பரவலாக நிலவியது. எழுத்தறியாச் சிறுவரையும் நூலகத்தின் உரிமையாளராக்கிய முயற்சிகளுள் கதைநேரம் முதன்மையானது. ஐக்கிய அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரக் கார்னகி நூலகம் 1899இல் ஒழுங்கான கதைநேரத்தை ஆரம்பித்தது. 1900இல் இங்கிலாந்திலிருந்து அங்கு சென்ற மரி ஷெட்லொக், கதைசொல்லல் பயின்று கைவரப்பெற வேண்டிய கலை என்பதை நூலகர்க்கு உணர்த்தினார். அவரால் கவரப்பட்ட ஆன் கரோல் மூர் 1906இல் நியூயோர்க் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிப் பொறுப்பை ஏற்றபின், அதன் கிளைகளிலும் கதைநேரம் வேரூன்றியது.

இக்கதைநேரம் திட்டமிட்டே நடத்தப்பட்டது. கதைசொல்லி கதையை முன்னரே மனத்திற் பதித்து, நூலைப் பாராது சிறுவரின் முகம் நோக்கிச் சொல்லுவார். தொடக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றப்படும். முடிவில் சிறுவர் தம் விருப்பமொன்றை மனத்துள் நினைக்க, அது அணைக்கப்படும். எனினும் இவை யாவற்றுக்கும் அடிப்படையான நோக்கம் ஒன்றே: கதையைக் கேட்ட பிள்ளை அதன் நூலைத் தேடி வாசித்தல் வேண்டும். ஆகவே அச்சேறிய கதைகளே சொல்லப்படலாம் என்பது வழக்கமாயிற்று.

இவ்வழக்கம் நியாயமானதாகத் தோன்றினும், தம் கதைகள் அச்சேறப்பெறாத மக்களின் பிள்ளைகளுக்கு அது மூடிய கதவாகவே அமைந்தது. 1898இல் அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட புவேட்டோ றிக்கோ தீவினர் 1917இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றனர். அவர்களுட் பலர் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிற் குடியேறினர். ஸ்பானிய மொழி பேசும் அம்மக்களுக்கெனப் புரா பெல்ப்ரே 1921இல் 135ஆம் வீதிக் கிளையில் நூலக உதவியாளராக நியமிக்கப்பட்டார். நியூயோர்க் பொது நூலகத்தின் முதல் புவேட்டோ றிக்கோ நூலகர் இவரேயாவார்.

தம் நாட்டுச் சிறுவர் கதைகளை நூலக அடுக்குகளிற் தேடிய பெல்ப்ரே, அவை அங்கு இல்லாமையைக் கண்டார். ஆயின் அக்கதைகள் அவரது நினைவில் இருந்தன. பாட்டியிடம் கேட்ட பேரெஸ் என்னும் எலியினதும் மார்ட்டினா என்னும் கரப்பான் பூச்சியினதும் கதையை அவர் எழுத்தில் வடித்தார். அச்சேறுமுன்பே அதனைச் சிறுவருக்குச் சொல்லவும் இசைவு பெற்றார். 1929இல் 115ஆம் வீதிக் கிளைக்கு மாற்றப்பட்டபின், ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் கதைநேரங்களை நடத்தினார். பொம்மலாட்டத்தையும் கையாண்டார். மூவரசர் திருநாளும் நூலகத்திற் கொண்டாடப்பட்டது. பிள்ளைகளோடு பெற்றோரும் நூலகத்தை நாடினர்.

1932இல் அக்கதை நூலாக வெளிவந்தது. நூலிலிருந்து கதைக்குச் செல்வதே விதியாயிருந்த இடத்தில், கதையே நூலைப் பிறப்பித்தது. இம்மாற்றமே பெல்ப்ரேயின் வரலாற்றுப் பங்களிப்பு எனலாம். முதுமையிலும் அவர் தென் புரொங்ஸ் பகுதியிற் பொம்மலாட்டப் பணியைத் தொடர்ந்தார். 1982இல் மறைந்த அவரது பெயரால், லத்தீன் அமெரிக்கப் பண்பாட்டைச் சித்திரிக்கும் சிறுவர் நூல்களுக்கான விருது 1996 முதல் வழங்கப்படுகின்றது.

கதைநேரத்தைத் திட்டமிடுவோர் மண்டபத்தையும் நேரத்தையும் பொம்மைகளையும் பற்றி முதலிற் சிந்திப்பது இயல்பே. ஆயின் எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டில் எம்மொழி வழங்குகின்றது, எக்கதைகள் வாழ்கின்றன என்னும் வினாக்களே முதன்மையானவை. அவற்றுக்கு விடை காணாத கதைநேரம் எத்துணை அழகாக அமையினும், சில பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிடும் என்பதை இவ்வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது.