ஸ்கேன் அறிக்கையில் ‘பிரீச்’ என்றிருந்தால் பயப்பட வேண்டுமா?

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, 30ஆவது வாரத்தில் வெள்ளவத்தையில் ஸ்கேன் எடுத்தேன். அறிக்கையில் ‘பிரீச்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தது. அதன் பொருளை யாரும் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஏதோ குறை என்று நினைத்து, கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அழுதேன். வீட்டில் மாமி, “எண்ணெய் போட்டு நீவினால் திரும்பிடும்” என்றார்.

அடுத்த கிழமை கிளினிக்கில் மருத்துவமாது வயிற்றைத் தொட்டுப் பார்த்து விளக்கியபின்தான் மனம் ஆறியது. அன்று விளங்கியதையும் பின்னர் படித்தறிந்ததையும் இங்கே தருகிறேன்.

மூன்று சொற்கள்

‘செஃபாலிக்’ என்றால் தலை கீழே இருக்கிறது. பிரசவத்துக்கு ஏற்ற நிலை. ‘பிரீச்’ என்றால் தலை மேலேயும் பிட்டமோ கால்களோ கீழேயும் உள்ளன. ‘ட்ரான்ஸ்வேர்ஸ்’ என்றால் குழந்தை குறுக்கே கிடக்கிறது. இவை குழந்தை கிடக்கும் நிலையைச் சொல்பவை. நோயின் பெயர்கள் அல்ல.

எப்போது கவலைப்பட வேண்டும்?

28ஆவது வாரத்தில் நான்கு அல்லது ஐந்து குழந்தைகளில் ஒன்று பிரீச் நிலையில் இருக்கும். பெரும்பாலானவை தாமாகவே திரும்பிவிடும். மாதம் நிறையும்போது நூற்றுக்கு மூன்று, நான்கு குழந்தைகளே அப்படி இருக்கும். ஆகவே 30ஆவது வார அறிக்கையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். 36ஆவது வாரத்து நிலையே முக்கியம்.

விலாவுக்குக் கீழே உதை விழுந்தால் தலை கீழே இருக்கலாம். அடிவயிற்றில் உதையும் மேலே கெட்டியான உருண்டையும் தெரிந்தால் பிரீச்சாக இருக்கலாம். இது ஊகம்தான், ஸ்கேனே உறுதி செய்யும்.

நீவலாமா?

கூடாது. வயிற்றை அழுத்தி நீவினால் நச்சுக்கொடி பிரிந்து இரத்தப்போக்கு ஏற்படலாம். வைத்தியர்களும் வெளியிலிருந்து கையால் குழந்தையைத் திருப்புவதுண்டு. ஆனால் அதை 36 வாரத்துக்குப் பிறகு, ஸ்கேன் பார்த்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்தபடி, உடனே சத்திரசிகிச்சை செய்யக்கூடிய இடத்திலேயே செய்வார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பலிக்கும். இரத்தவகை நெகட்டிவ் என்றால் ஊசியும் தேவைப்படும்.

புரண்டு படுத்தால் கொடி சுற்றும் என்பதும் சரியல்ல. குழந்தை தானே அசைவதால்தான் கொடி சுற்றுகிறது. தாய் புரள்வதால் அல்ல.

சிசேரியன்தானா?

26 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியானபின், பிரீச் குழந்தைகளுக்குத் திட்டமிட்ட சிசேரியனே பல நாடுகளில் வழக்கமானது. அனுபவமுள்ள வைத்தியர் இருந்து, தாயின் நிலையும் பொருந்தினால் சாதாரண பிரசவமும் முடியும். குறுக்கே கிடக்கும் குழந்தை திரும்பாவிட்டால் சிசேரியன்தான்.

தாமதிக்கக் கூடாத நேரம்

குழந்தை குறுக்கேயோ கால் கீழாகவோ இருக்கும்போது பன்னீர்க்குடம் உடைந்தால், தொப்புள்கொடி முன்னால் சரிந்து நசுங்கலாம். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படியே. கொழும்பில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும், 1879இல் தொடங்கிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும் அரச வைத்தியசாலைகள், சிகிச்சை இலவசம்.

என் பிள்ளை 34ஆவது வாரத்தில் தானே திரும்பிவிட்டது. உங்கள் 36ஆவது வாரக் கிளினிக்கில் மறக்காமல் கேளுங்கள்: “தலை எந்தப் பக்கம்? திரும்பாவிட்டால் அடுத்து என்ன?” பதில் விளங்காவிட்டால், விளங்கும் மொழியில் சொல்லும்படி திரும்பவும் கேளுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.