தேய்ந்த கொக்கியும் ஒரு முழம் தோல் வாரும்

வாணியம்பாடி என்றதும் எல்லோருக்கும் தோல் நினைவுக்கு வரும், அப்புறம் பிரியாணி. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிட்டார்கள். கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போன அந்தத் தோலுக்குக் 'கிழக்கிந்தியத் தோல்' என்றே பெயர். செருப்பு, பை, புத்தக அட்டை எல்லாம் சரி. சினிமாவுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. பழைய வீட்டு சினிமா புரொஜக்டர்கள் பலவற்றில் கீழ்ச்சுருளைச் சுழற்றியது ஒரு தோல் வார்தான். கால் தையல் மெஷினில் சக்கரத்தையும் தலையையும் இணைக்கும் உருண்டைத் தோல் வார் இருக்கிறதே, ஏறக்குறைய அதேதான். இரு முனைகளிலும் துளையிட்டு, ஒரு கம்பிக் கொக்கியை மாட்டி வளைத்துவிட்டால் வேலை முடிந்தது.

எளிய விஷயமாகத் தெரிந்தாலும் அந்த வாருக்கு ஒரு சூட்சுமமான வேலை இருந்தது. ஓடி முடிந்த ஃபிலிம் கீழ்ச்சுருளில் சுற்றச் சுற்றச் சுருள் பெருத்துக்கொண்டே போகும். பெருத்த சுருள் மெதுவாகச் சுற்றினால்தான் ஃபிலிம் வரும் வேகத்துக்குச் சரியாக இருக்கும். ஆனால் மோட்டார் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆகவே வார் வழுக்க வேண்டும்! பெரும்பாலான எந்திரங்களில் வார் வழுக்கினால் அது கோளாறு. இங்கேயோ வழுக்காவிட்டால் கோளாறு. தோல் வாருக்கு அளவாகப் பிடித்து அளவாக வழுக்கத் தெரியும். அந்த இடத்தில் இறுக்கமான ரப்பர் வளையத்தைப் போட்டவர்கள் பலர், ஃபிலிமின் ஓரத் துளைகள் கிழிந்த பிறகே தவறை உணர்ந்தார்கள்.

சரி, இந்த எந்திரம் வீட்டுக்குள் வந்த கதை என்ன?

தமிழ்நாட்டில் புரொஜக்டரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய முதல் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயமுத்தூர்க்காரர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். அங்கே உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப முடிவு செய்தார். அவரிடமிருந்த புரொஜக்டரையும் படச்சுருள்களையும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வின்சென்ட் வாங்கினார். அன்றைய கணக்கில் அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர், பெஷாவர், லாகூர், ரங்கூன் வரை சுற்றினார். பின்னர் பாத்தே நிறுவனத்தின் புரொஜக்டர்களுக்கு முகவரானார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார்.

அவர் கூடாரம் அடித்த ஊர்களில் உதிரி பாகம் கிடைத்திருக்க வழியில்லை. பாரிஸிலிருந்து ஒரு பல்சக்கரம் கப்பலில் வந்து சேர மாதக் கணக்காகும். அதுவரை கூடாரம் காலியாகக் கிடக்க முடியுமா? புரொஜக்டர் வைத்திருப்பவனே மெக்கானிக்காகவும் இருந்தாக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் எழுதாத சட்டம். இந்த நாட்டில் புரொஜக்டர் பழுது பார்க்கும் கலை எந்தக் கல்லூரியிலும் பிறக்கவில்லை, இப்படிக் கூடாரங்களுக்குள்தான் பிறந்தது என்றால் தப்பில்லை.

கூடாரத்தில் ஓடியது 35 மி.மீ. ஃபிலிம். அந்தக் காலத்து 35 மி.மீ. நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. தீப்பொறி பட்டால் வெடிமருந்து போல எரியும். அதை எந்தக் குடும்பமும் கூடத்தில் வைத்து ஓட்டத் துணியாது. அதனால் வீட்டுக்கென்று எரியாத அசிடேட் ஃபிலிம், குறுகிய அளவுகளில் வந்தது. 1922-இல் பாத்தே நிறுவனம் 9.5 மி.மீ. அளவில் 'பாத்தே பேபி' என்ற கையால் சுற்றும் குட்டி புரொஜக்டரை வெளியிட்டது. 1923-இல் கோடாக் 16 மி.மீ. கொண்டுவந்தது, கேமரா, புரொஜக்டர், திரை எல்லாம் சேர்த்து 335 டாலர். 1932-இல் அதே கோடாக் செலவைக் குறைக்க 8 மி.மீ. கொண்டுவந்தது. 1965-இல் சூப்பர் 8 வந்தது.

பாத்தே பேபியில் ஒரு வேடிக்கை உண்டு. எழுத்து வரும் இடத்தில் ஃபிலிம் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அந்த வெட்டு வந்ததும் எந்திரம் தானாகவே ஃபிலிமைச் சில நொடி நிறுத்திவைக்கும். படிக்க வேண்டிய எழுத்துக்காக நீள நீளமாக ஃபிலிமை வீணாக்க வேண்டாம் என்ற கஞ்சத்தனம்தான். பிரெஞ்சுக்காரர்களின் மூளையே மூளை! ஆனால் இதே அளவில் ஒரு ஆபத்தும் இருந்தது. 9.5 மி.மீ. ஃபிலிமில் துளை ஓரத்தில் இல்லை, இரண்டு படங்களுக்கு நடுவில் இருந்தது. இழுக்கும் கொக்கி தேய்ந்துபோய்த் தடம் மாறினால், கிழிவது படமேதான்.

இந்தியாவில் அன்று இவற்றை வாங்க முடிந்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளும் வசதி படைத்த சிலரும் மட்டுமே. அந்த அதிகாரிக் குடும்பங்கள் எடுத்த படச்சுருள்கள் பல இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில் இருக்கின்றன. நம்மவர்களில் நினைவுகூர வேண்டியவர் கோவை ஜி.டி. நாயுடு. ஐரோப்பா போனபோது கேமராவோடு போனார். 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படம் பிடித்தார்.

மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வழி இருந்தது. பியூஸ் போன பல்பின் வயிற்றைக் காலிசெய்து தண்ணீர் நிரப்பினால் அது லென்ஸ். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டால் அது விளக்கு. தியேட்டர் குப்பையில் பொறுக்கிய வெட்டு ஃபிலிம், திரைக்கு அப்பாவின் வேட்டி. அதில் தேய ஒரு பாகமும் கிடையாது என்பதால் ரிப்பேரும் கிடையாது.

உண்மையான புரொஜக்டரில் தேய்வது எது? முதலில் கொக்கி. 'கிளா' என்று மெக்கானிக்குகள் சொல்லும் இந்தச் சின்ன எஃகு நகம் ஃபிலிமின் துளைக்குள் நுழைந்து ஒரு படத்தைக் கீழே இழுக்கும், வெளியே வரும், மேலே போகும், மறுபடி நுழையும். நொடிக்கு 16 முறை. 50 அடி நீளமுள்ள ஒரு 8 மி.மீ. சுருளில் 4,000 படங்கள் இருக்கும். அது நாலு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். அதாவது அந்தக் குட்டிச் சுருளை ஒரு தடவை பார்த்து முடிப்பதற்குள் கொக்கி நாலாயிரம் முறை இழுத்தாக வேண்டும். 25 சுருள் பார்த்தால் ஒரு லட்சம்!

ஃபிலிம் மெத்தென்ற பொருள், கொக்கியோ எஃகு. எஃகு எப்படித் தேயும் என்று கேட்கலாம். கிணற்று விளிம்புக் கல்லில் கயிறு பள்ளம் பறித்த கதைதான் இது. ஃபிலிமில் ஒட்டியிருக்கும் தூசி உப்புத்தாள் போல அறுக்கிறது. கொக்கி எப்போதும் ஒரே இடத்தில் இழுப்பதால் அங்கே ஒரு மெல்லிய பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தில் துளையின் விளிம்பு சிக்கும். முதலில் திரையில் படம் மேலும் கீழும் துள்ளும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு துளையாகக் கிழிந்துகொண்டே போகும்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு. பள்ளம் லேசாக இருந்தால் பொற்கொல்லர் வைத்திருப்பது போன்ற நுண்ணிய அரத்தால் ராவி, மெருகேற்றிவிடலாம். ஆனால் அதிகம் ராவினால் கொக்கி மெலிந்து இழுக்கும் தூரமே மாறிவிடும். பள்ளம் ஆழமாக இருந்தால் வெள்ளிப் பற்று வைத்து நிரப்பி, மறுபடி வடிவத்துக்கு ராவ வேண்டும். இது பொறுமைசாலிகளுக்கு மட்டும். மூன்றாவது வழி, அதே மாடலில் செத்துப்போன இன்னொரு மெஷினிலிருந்து கொக்கியைக் கழற்றிப் போடுவது. பழைய புரொஜக்டர் வைத்திருப்பவர்கள் வீட்டில் ஒன்றுக்கு மூன்றாக மெஷின்கள் அடுக்கியிருப்பதன் ரகசியம் இதுதான்.

அடுத்தது கேட். ஃபிலிம் விளக்கின் முன் வந்து நிற்கும் வாசல் இது. பின்னாலிருந்து ஒரு தகடு ஃபிலிமை லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். இதில் துரு ஏறினாலோ, ஃபிலிமிலிருந்து உரிந்த பசை கட்டிதட்டினாலோ, ஓடும் ஃபிலிமில் தலை முதல் கால் வரை ஒரு கோடு விழும். பழைய வீட்டுப் படங்களில் மழை பெய்வது போலத் தெரிவதற்கு முக்கியக் காரணம் இந்த வாசல்தான். கட்டிதட்டிய பசையைக் கத்தியால் சுரண்டக் கூடாது, மரக்குச்சியால் எடுக்க வேண்டும் என்பது பாலபாடம். இதைப் படித்தும் ஸ்குரூ டிரைவரை எடுப்பவர்கள் உண்டு.

1960களுக்குப் பிந்தைய மெஷின்களின் நோய் வேறு விதமானது. உலகமெங்கும் பள்ளிகளுக்கு விற்கப்பட்ட பெல் அண்ட் ஹோவெல் 16 மி.மீ. மெஷின்கள் சிலவற்றில், எஃகுத் தண்டின் மேல் பிளாஸ்டிக்கால் வார்த்த புழுப்பல் ஒன்று இருந்தது. வருடங்கள் போகப் போக பிளாஸ்டிக் சுருங்கியது. எஃகு சுருங்கவில்லை. விளைவு, பல் நடுவில் பிளந்தது. ஓடாமல் பெட்டிக்குள் சும்மா கிடந்த மெஷினிலும் பிளந்தது என்பதுதான் கொடுமை. ஆஸ்திரியாவின் யூமிக் மெஷின்களில் ரப்பர் உருளைகள் மெழுகு போல உருகி ஒட்டிக்கொண்டன. அந்த நிறுவனமே 1980களின் தொடக்கத்தில் திவாலாகிவிட்டதால் யாரிடம் போய்க் கேட்பது? இன்று ஆர்வலர்கள் பித்தளையில் கடைந்தும், முப்பரிமாண அச்சில் அடித்தும் இந்தப் பற்களைச் செய்துகொள்கிறார்கள். நாற்பது வருடம் பிந்திய மெஷினுக்கு உருகிய ரப்பர் மரணம். அதற்கு நாற்பது வருடம் முந்திய தோல் வார் மெஷினுக்கோ தையல் மெஷின் கடையில் ஒரு முழம் வார் வாங்கினால் உயிர் வந்துவிடுகிறது. எது முன்னேற்றம் என்று சொல்வது கஷ்டம்தான்.

தோல் வாரிலும் குறை இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் ஈரம் குடித்து நீளும், கோடையில் இறுகும். நீண்டால் அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி கொக்கி மாட்ட வேண்டும். கொக்கி சக்கரத்தைத் தாண்டும்போதெல்லாம் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பேசாப் படத்துக்கு அதுவே தாளம்!

நம் ஊருக்கென்று தனிக் கஷ்டங்களும் இருந்தன. அமெரிக்க மெஷின்கள் 110 வோல்ட்டுக்குச் செய்தவை, நம் மின்சாரம் 230 வோல்ட். இடையில் ஒரு டிரான்ஸ்பார்மர் இல்லாமல் சொருகினால் விளக்கு ஒரே நொடியில் போய்விடும். அந்த விளக்குகள் இப்போது யாரும் தயாரிப்பதில்லை என்பதால் எல்.இ.டி. பொருத்துகிறார்கள். பழைய வெளிச்சத்தின் மஞ்சள் போய்விடுகிறது என்று சிலர் அங்கலாய்த்தாலும், சூடு குறைவு என்பதால் ஃபிலிமுக்கு அது நல்லதே.

அதைவிடப் பெரிய எதிரி வெயிலும் ஈரமும். எரியாத ஃபிலிம் என்று நம்பிய அசிடேட், புழுக்கத்தில் மெல்லச் சிதைந்து புளிக்காடி வாடை வீசத் தொடங்கும். இந்தக் கோளாறைப் பற்றிக் கோடாக் நிறுவனத்துக்கு 1950களில் முதன்முதலாகப் புகார் எழுதியதே இந்திய அரசாங்கம்தான். சிதையும் ஃபிலிம் சுருங்கும். நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே துளைகளின் இடைவெளி கொக்கியின் அளவோடு பொருந்தாது. அப்போது கொக்கி புத்தம் புதிதாக இருந்தாலும் கிழிக்கும்.

இதில் போவது வெறும் பொழுதுபோக்கு அல்ல. தியேட்டர் படத்துக்குப் பல பிரதிகள் உண்டு. அப்படியும் தென்னிந்தியப் பேசாப் படங்களில் 1933-இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' போல ஒன்றிரண்டைத் தவிர மற்றவை அழிந்தே போயின. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' ஒரு அடி கூட இல்லை. வீட்டுப் படத்துக்கோ நெகட்டிவே கிடையாது. கேமராவில் ஓடிய அதே ஃபிலிமைத்தான் கழுவித் திருப்பி அனுப்புவார்கள். அதையேதான் புரொஜக்டரில் ஓட்டுவார்கள். தாத்தா பேரனைத் தூக்கி நிற்கும் அந்த நாலு நிமிடம் உலகத்திலேயே ஒரே ஒரு சுருளில் இருக்கிறது. தேய்ந்த கொக்கி அதன் துளையைக் கிழித்தால் வேறு எங்கும் போய்த் தேட முடியாது.

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் பழுது பார்த்து முடித்ததும் குடும்பச் சுருளை உடனே மாட்டுவதில்லை. எதற்கும் உதவாத பழைய ஃபிலிம் ஒன்றை பத்து அடி வெட்டி, இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி, கால் மணி நேரம் ஓடவிடுவார்கள். பிறகு அதைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் துளை துளையாகப் பார்ப்பார்கள். ஒரு துளையின் மூலையில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் மெஷின் மறுபடி மேஜைக்குப் போகும், குடும்பச் சுருள் டப்பாவுக்குள்ளேயே இருக்கும்.