யாருடைய இருமொழி?

பணியிடத்தில் 'இருமொழி' என்று சொல்லிவிட்டாலே சமத்துவம் வந்துவிட்ட மாதிரி ஒரு பாவனை. என் கேள்வி வேறு: இரண்டாவது மொழியைச் சுமந்தாக வேண்டியது யார்? கனடாவின் க்யூபெக் மாநில வரலாறு இதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் தருகிறது.

1960களின் மொந்ரியாலில் பெரும்பான்மையோர் பிரெஞ்சு பேசினார்கள். பெரிய கம்பெனிகளின் மேல்மட்டத்தில் ஆங்கிலம். முதலாளிக்கு ஒரு மொழி போதும். கீழே இருப்பவனுக்குத்தான் இரண்டு. 1962இல் கனடிய தேசிய ரயில்வேயின் 17 துணைத்தலைவர்களில் பிரெஞ்சுக் கனடியர் ஒருத்தர்கூடக் கிடையாது. ஏன் என்று கேட்டதற்குத் தலைவர் டொனால்ட் கோர்டன் சொன்ன பதில், தகுதி. மாணவர்கள் தெருவில் இறங்கி அவர் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். பிரெஞ்சு பேசியவனை 'ஸ்பீக் வைட்', வெள்ளையாய்ப் பேசு, என்று அதட்டுவது அப்போது வழக்கிலிருந்த வசை. பேசியவனும் வெள்ளைத்தோல்காரன்தான்!

அடுத்து வானம். க்யூபெக்கின் பெரிய விமானநிலையங்களில் விமானியும் தரையிலிருந்து வழிகாட்டுபவரும் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்தாலும் அன்று ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. மொந்ரியாலிலும் பிரெஞ்சை அனுமதிக்கப் போகிறார்கள் என்றதும், பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்களைக் கொண்ட விமானிகள் சங்கம் 1976 ஜூனில் வேலைநிறுத்தம் செய்தது. சொன்ன காரணம், பாதுகாப்பு. மத்திய அரசு இறங்கிவந்தது. அமைச்சர் ழான் மர்ஷான் பதவியை உதறினார். 1979இல் விசாரணை ஆணையம், இருமொழியால் ஆபத்தில்லை என்று அறிக்கை தந்தது. தகுதி, பாதுகாப்பு: அதிகாரம் தன் மொழிக்கு வைத்துக்கொள்ளும் மாற்றுப்பெயர்கள் இவை.

1977இல் வந்த 101ஆம் சட்டம் நிலைமையைப் புரட்டியது. வேலைக்கு உண்மையிலேயே தேவைப்பட்டாலொழிய முதலாளி ஆங்கிலம் கேட்கக் கூடாது. 50 பேரும் அதற்கு மேலும் வேலைசெய்யும் நிறுவனங்கள் அன்று பிரெஞ்சுமயமாகிச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. மறுவருஷமே சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் தலைமையகத்தை டொரொன்றோவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. நல்லெண்ணத்தால் வராத மரியாதை சட்டத்தால்தான் வந்தது.

ஆனால் இதை வெற்றிக் கதையாக முடித்துவிட எனக்கு மனமில்லை. 1963இல் அமைந்த இருமொழி ஆணையம், 1961ஆம் வருஷத்துக் க்யூபெக் ஆண்களின் சம்பளத்தை இனவாரியாக ஆராய்ந்தது. 14 குழுக்களில் பிரெஞ்சுக்காரர்களுக்கு 12ஆம் இடம். இந்த எண்ணைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். 13ஆம் இடம் இத்தாலியருக்கு. கடைசி இடத்தில், அந்த மண்ணின் பூர்வகுடிகள். அந்த ஆணையத்துக்கு இட்ட பணியிலேயே 'நாட்டை நிறுவிய இரு இனங்கள்' என்றுதான் எழுதியிருந்தது. இரண்டு என்று எண்ணத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே, எல்லோருக்கும் முன்பிருந்து அங்கே பேசிக்கொண்டிருந்தவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டார்கள்.